தேறாது என்று சொன்னேன்

எங்கள் வீட்டில் நான் வாய் திறக்கலாம் என்று விட்டுவைத்திருக்கிற ஒரே துறை சினிமா. அரிசி எந்தக் கடையில் வாங்குவது, மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது, ஹாலுக்கு என்ன பெயின்ட் அடிப்பது என்பதிலெல்லாம் என்னிடம் பணம் மட்டும்தான் கேட்பார்கள். சினிமா விஷயத்தில் பணமும் கேட்பார்கள், அபிப்பிராயமும் கேட்பார்கள். கேட்பார்கள் என்பதுகூடச் சற்று மிகை. நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். அவர்கள் எழுந்து போகாமல் இருப்பார்கள். வயது 53. தாம்பரம் பக்கம் ஒரு குடியிருப்பில் இரண்டாவது மாடி. இன்சூரன்ஸ் கம்பெனியில் உத்தியோகம். மனைவி, காலேஜ் போகும் மகள், ஒன்பதாவது படிக்கும் பையன், 78 வயது அம்மா. இத்தனை பேரை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எதைப் பற்றியாவது அபிப்பிராயம் வைத்திருக்க வேண்டாமா?

என் விமர்சன முறை எளிமையானது. ‘முதல் பாதி நல்லா இருந்தது, செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக்.’ முப்பது வருஷமாக இதுதான் தீர்ப்பு. படங்கள் மாறின, தீர்ப்பு மாறவில்லை. இதற்குக் காரணம் தமிழ்த் திரைக்கதைகளின் பலவீனம் என்றுதான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். காரணம் என் சாப்பாட்டு நேரம் என்று பின்னால் பிடிபட்டது. நாங்கள் போவது மதியக் காட்சி. ரசம் சோறும் உருளைக்கிழங்கு வறுவலுமாக உள்ளே போனால் ஒன்றேகால் மணி நேரம் கண் தாக்குப்பிடிக்கும். இடைவேளையில் ஒரு காபி, ஒரு பப்ஸ், அம்மாவின் சுருக்குப்பையிலிருந்து நாலு முறுக்கு. (வாசலில் எல்லார் பையையும் குடைகிறவர்கள் பாட்டியின் இடுப்புப் பக்கம் கையைக் கொண்டுபோக மாட்டார்கள்.) அப்புறம் அந்த ஏசி. அதற்கு மேல் டைரக்டர் எவ்வளவு பாடுபட்டாலும் எனக்குப் படம் விட்டு விட்டுத்தான் வரும். விட்டு விட்டு வருவதை லேக் என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

இதோடு சர்க்கரை வேறு. மூன்று மணி நேரப் படத்தில் இடைவேளை நீங்கலாக இரண்டு தடவையாவது எழுந்து போக வேண்டியிருக்கும். அதனால் எனக்கு ஓர சீட். 2024 ஜூனில் ‘மகாராஜா’ பார்க்கப் போனபோது இப்படித்தான் நிம்மதியாக ஒரு நடை போய்விட்டு வந்தேன். விஜய் சேதுபதியின் 50-ஆவது படம். சலூன் வைத்திருக்கிற மனுஷன், ‘லட்சுமி’யைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுகிறான், லட்சுமி என்பது ஒரு குப்பைத்தொட்டி. அதுவரைக்கும் எனக்கு நன்றாகப் புரிந்தது. அந்தப் படத்தின் சூட்சுமமே எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதில்தான் இருக்கிறது. டைரக்டர் நித்திலன் சாமிநாதன் அந்த முடிச்சை எந்த இடத்தில் அவிழ்த்தாரோ, அந்த இடத்தில் நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து, “இவன் யாரு? இது எப்போ?” என்று ஆரம்பித்தேன். முன் வரிசையில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாப்கார்ன் டப்பாவை என் மடியில் வைத்து வாயை அடைத்தாள் மனைவி.

வெளியே வரும்போது எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். நான், “செகண்ட் ஹாஃப் கொஞ்சம் குழப்பம்” என்றேன். மனைவி வண்டியில் ஏறும்வரை பேசவில்லை. ஏறியதும் சொன்னாள்: “ஒரு குப்பைத்தொட்டிய காணோம்னு அந்த மனுஷன் எத்தன அடி வாங்குறான், ஸ்டேஷன் வாசல விட்டு நகர மாட்டேங்கறான். நம்ம வீட்டு மிக்ஸிய ரிப்பேருக்குக் குடுத்து ரெண்டு மாசம் ஆகுது. ஒரு தடவ போய்க் கேட்டீங்களா?”

நல்ல படம் குடும்பத்தில் இப்படியெல்லாம் விளைவை ஏற்படுத்தும்.

அதே வருஷம் செப்டம்பர் 27, ‘மெய்யழகன்’. டைரக்டர் பிரேம்குமார் என்றாலே எனக்கு ‘96’ ஞாபகம் வரும். ‘96’ ஞாபகம் வந்தால் பத்தாம் வகுப்பு ஞாபகம் வரும். பத்தாம் வகுப்பு ஞாபகம் வந்தால் உடனே மனைவி பக்கத்தில் இருப்பது ஞாபகம் வந்து நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். சென்னையில் இருக்கிற அரவிந்த்சாமி ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் போகிறார். அங்கே கார்த்தி ‘அத்தான், அத்தான்’ என்று ஒட்டிக்கொள்கிறார். அன்பு என்றால் அப்படி ஒரு அன்பு. அரவிந்த்சாமிக்கு அவர் யாரென்றே தெரியவில்லை, பெயர்கூட ஞாபகம் வரவில்லை. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. எங்கள் அம்மாவுக்கு மன்னார்குடி. சின்ன வயசில் லீவுக்குப் போகும்போது மன்னார்குடிக்கு ரயில் கிடையாது. நீடாமங்கலத்தில் இறங்கித்தான் பஸ் பிடிப்போம். அதனால் படத்தில் அந்த ஊர்ப் பெயர் வந்ததுமே அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். நானும் சேர்ந்துகொண்டேன்.

படம் மூன்று மணி நேரத்துக்கு மூன்று நிமிஷம் குறைவு. நீளம், நீளம் என்று பேச்சுக் கிளம்பி, ஒரு வாரத்துக்குள் 18 நிமிஷத்தை வெட்டிவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆபீஸ் கேன்டீனில் சண்டை போட்டேன். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரி பற்றிய விவாதத்துக்கு நடுவே எழுந்து, ஒரு சமூகத்துக்கு 18 நிமிஷம் பொறுமையில்லை என்றால் அது எங்கே போய் முடியும் என்று கேட்டேன். லாரி எப்போ வரும் என்று செயலாளர் திருப்பிக் கேட்டார். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. “எந்தெந்த சீன்ப்பா போச்சு?” என்று மகள் கேட்டாள். தொண்டை கரகரக்க ஏழு காட்சிகளைச் சொன்னேன். அவளுடைய சிநேகிதி ஒருத்தி, வெட்டிய பிறகு பார்த்தவள். போனைப் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஏழும் பத்திரமாக அப்படியே இருந்தன. அப்புறம் மகள் தனக்கு ஞாபகம் இருந்த மற்றதையெல்லாம் சொல்லச் சொல்ல, “அது இல்லையே, அதுவும் இல்லையே” என்றாள் அந்தப் பெண். அப்படி இல்லாமல் போனது ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

“எப்படி இருக்கும்? அந்த நேரம் தோள்ல சாஞ்சு தூங்கிட்டு இருந்தீங்க” என்றாள் மனைவி.

“எப்பவும் உன் தோள்தானே” என்றேன், சமாளித்துவிடலாம் என்று.

“அன்னிக்கு உங்களுக்கு ஓர சீட் கிடைக்கல. எனக்கு அந்தப் பக்கம் அத்தை இருந்தாங்க. நீங்க சாஞ்சது இந்தப் பக்கத்துக்காரர் தோள்ல. பாவம், இன்டர்வல்ல எனக்குத்தான் சமோசா வாங்கித் தந்தார், ‘சாரை எழுப்ப வேணாம்மா’ன்னு.”

கதை இத்தோடு முடிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். ஐப்பசியில் மன்னார்குடியில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குள் காலை வைக்கிறேன், நாற்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒருவர் ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “அத்தான்! என்னைத் தெரியுதா?”

மூன்று மணி நேரம் தியேட்டரில் உட்கார்ந்து, இப்படி ஒரு ஆள் நமக்கு வாய்க்கவில்லையே என்று மூக்கைச் சிந்தியவன் நான். வாய்த்துவிட்டார். என்ன செய்தேன்? “தெரியாம என்ன!” என்று சொல்லிவிட்டு நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். முகூர்த்தம் முடிகிறவரை தூண் தூணாக மாறினேன். பந்தியில் கடைசி இலையில் போய் உட்கார்ந்தால், சாம்பார் வாளியோடு அவரே வருகிறார். “அத்தான், வெட்கப்படாம சாப்பிடுங்க.” சாயங்காலம் அவர் காரிலேயே நீடாமங்கலம் ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டார். ஒரு தார் பூவன் பழம், ஒரு பை நிறையப் பச்சை நிலக்கடலை. ரயில் நகர்கிறவரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஏன்மா, அவர் யாரு?” என்றேன், ரயில் வேகம் பிடித்த பிறகு.

“அடப்பாவி, கீழத்தெரு வீட்டுப் பிள்ளைடா. சின்ன வயசுல சைக்கிள்…”

நெஞ்சு விம்மியது. படத்தில் அரவிந்த்சாமி ஊரை விட்டுப் போகும்போது விட்டுச் சென்ற சைக்கிள்தான் கார்த்தி குடும்பத்துக்கு வாழ்வு கொடுக்கும். “நான் குடுத்த சைக்கிளா?” என்றேன்.

“நீ எங்க குடுத்த? அவன் சைக்கிளை வாங்கிட்டுப் போய்த் தேரடியில தொலைச்சிட்டு வந்த. அவங்கப்பா அவனைத்தான் போட்டு அடிச்சார்.”

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகையாக இருக்க வாய்ப்பில்லை.

‘கங்குவா’ பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2024 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று வந்தது. சத்தம் தாங்கவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஒலியை இரண்டு பாயின்ட் குறைத்து வையுங்கள் என்று தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டார். நாங்கள் அதற்கு முன்பே போய்விட்டோம். குடும்பத்தில் அந்தப் படத்தை முழு நிம்மதியோடு பார்த்தவர் அம்மா ஒருத்திதான். பத்தாவது நிமிஷம் காது மிஷினைக் கழற்றிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, முறுக்கை எடுத்துக் கடித்தாள். “சூர்யா பிள்ளைக்கு உழைப்பு ஜாஸ்தி” என்பது அவள் விமர்சனம். மறுநாள் பேப்பரில் அந்த இரண்டு பாயின்ட் சமாசாரத்தைப் படித்த மனைவி, நான் சினிமா பேசும்போதெல்லாம் கையைக் கீழே அழுத்தி, “ரெண்டு பாயின்ட், ரெண்டு பாயின்ட்” என்று காட்டும் வழக்கம் அன்றிலிருந்து ஆரம்பமானது.

மகள் கணக்கு எழுத ஆரம்பித்ததும் அந்த நாட்களில்தான். பால் கணக்கு டைரியின் கடைசிப் பக்கத்தில் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் ‘அப்பா சொன்னது’, வலது பக்கம் ‘நடந்தது’. அவள் பி.காம். படிப்பது இப்படி உபயோகப்படும் என்று ஃபீஸ் கட்டும்போது தெரியவில்லை.

பழைய பாக்கியையும் சேர்த்தே எழுதினாள். முதல் பதிவு ‘இந்தியன் 2’. 1996-இல் முதல் படம் பார்த்த ஜோரில், “தாத்தா திரும்பி வர்றார், ஊரே கிடுகிடுக்கும்” என்று சொல்லியிருந்தேன். கிடுகிடுத்தது என்னவோ படம்தான். வந்த சில நாளிலேயே சுமார் 12 நிமிஷத்தை வெட்டினார்கள். அடுத்தது ‘லப்பர் பந்து’. “தெருக் கிரிக்கெட்டை எவன் டிக்கெட் வாங்கிப் பார்ப்பான்? நம்ம பால்கனியில நின்னாலே தெரியும். தேறாது.” படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. மைதானத்தில் ‘கெத்து’ என்று ஊரே கொண்டாடுகிற ஆட்டக்காரர், வீட்டில் பெண்டாட்டி முன்னால் பெட்டிப்பாம்பாக அடங்குகிற காட்சிகளை எங்கள் வீட்டுப் பெண்கள் எழுந்து நின்று ரசித்தார்கள். எனக்கும் பிடித்திருந்தது. எனக்கென்று மைதானம் ஒன்று இல்லாததுதான் குறை.

பிறகு ‘மத கஜ ராஜா’. 2013 பொங்கலுக்கு வர வேண்டிய படம், 2025 பொங்கலுக்கு வருகிறது என்றார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். 12 வருஷத்துக்கு முந்தைய படம்! அதில் சிரிக்கவைக்கும் மனோபாலாவும் மயில்சாமியும் காலமாகிவிட்டார்கள். சந்தானம் காமெடியனாக இருந்ததே எங்கள் பையனுக்குத் தெரியாது. “ஊறுகாய்தான் பழசானா ருசி. படம் ஊசிப்போயிருக்கும். தேறாது” என்று சொல்லி, டைரியில் நானே கையெழுத்துப் போட்டேன். அந்தப் பொங்கலுக்கு ஜெயித்த படம் அதுதான். கடைசியில் போய்ப் பார்த்தோம். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. அந்த உற்சாகத்தில் வீட்டுக்கு வந்து, பீரோ அடியிலிருந்து 2013 தீபாவளிக்குத் தைத்த பேன்ட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். டைரக்டர் சுந்தர் சி.க்குப் பொருந்தியது எனக்கு இடுப்பில் நின்றுவிட்டது.

மே 1, ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. இலங்கையிலிருந்து கள்ளத்தோணியில் வந்து சென்னையில் குடியேறும் குடும்பம். சசிகுமாருக்கு ஜோடி சிம்ரன். “சரியா வராது, தேறாது” என்றேன். நிஜக் காரணத்தை வெளியில் சொல்ல முடியுமா? ‘வாலி’யும் ‘துள்ளாத மனமும் துள்ளும்’ படமும் வந்த 1999-இல் எனக்குக் கல்யாணமாகவில்லை. அந்த சிம்ரனுக்கு மீசை முளைத்த மகன் என்பதை மனசு ஏற்க மறுத்தது. அவருக்கே அந்த வயசென்றால் நமக்கு என்ன ஆகிறது என்று ஒரு கணக்கு உள்ளே ஓடியது. டைரக்டர் இருபத்தைந்து வயசு மதிப்பில் ஒரு பையன், அபிஷன் ஜீவிந்த், அவருக்கு முதல் படம். தெருவையே உறவாக்கிவிடுகிற கதை. தியேட்டரில் எல்லாரும் சிரித்துக்கொண்டே அழுதார்கள். அந்தப் படம் பார்த்த கையோடு எங்கள் மாடியில் அதுவரை பேசாத எதிர்வீட்டுக்காரரிடம் போய், “சௌக்கியமா?” என்று கேட்டேன். என் வண்டி அவர் பார்க்கிங்கில் நிற்பதாகச் சொன்னார்.

இப்படி மூன்று நாலு ‘தேறாது’ தவறிப்போனதால், ஒரு மாறுதலுக்கு ‘தேறும்’ என்று ஒன்று சொல்லிப் பார்த்தேன். ‘தக் லைஃப்’. மணிரத்னமும் கமலும் 1987 ‘நாயகன்’ படத்துக்கு அப்புறம் சேர்கிறார்கள். ‘நாயகன்’ பார்த்தபோது எனக்கு 14 வயசு. தியேட்டரை விட்டு வெளியே வந்து ஒரு வாரத்துக்குத் தலையை மேலே வாரிக்கொண்டு, யாருக்காவது நல்லது செய்ய வேண்டும் என்று தெருவில் அலைந்தேன். “எழுதி வெச்சுக்கோ. வரலாறு” என்று மகளிடம் சொன்னேன். ஜூன் 5 வியாழக்கிழமை. லீவு போட்டுவிட்டு முதல் காட்சி. தமிழ்நாட்டில் முதல் காட்சி என்றால் இப்போது காலை 9 மணிதான். நாலு மணி, அஞ்சு மணிக் காட்சிகளெல்லாம் 2023 பொங்கலோடு போயின. அதைத் தடுக்காமல் இருந்திருந்தால் நாலு மணிக்கே போய் நின்றிருப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒன்பது மணிக் காட்சிக்கே மனைவி மூன்று தடவை எழுப்பினாள் என்பது வேறு விஷயம். படத்தைப் பற்றி… அதை விடுங்கள். வரலாறு என்று நான் சொன்ன இடத்தில், வலது பத்தியில், மகள் ‘பூகோளம்’ என்று எழுதி வைத்திருந்தாள்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். ஆகஸ்டில் ‘கூலி’ வந்தது.

ரஜினி திரைக்கு வந்து 50 வருஷம். டைரக்டர் லோகேஷ் கனகராஜ். நாகார்ஜுனா, உபேந்திரா, சௌபின், ஆமிர் கான் என்று போஸ்டரில் இடமில்லாத கூட்டம். குடும்பத்தோடு போவதாக முடிவு. மகளிடம் விட்டிருந்தால் ஒழுங்காக நடந்திருக்கும். குடும்பத் தலைவன் என்று ஒரு வீம்பு, நானே போனில் புக் செய்தேன். தலைக்கு 190 ரூபாய்ச் சொச்சம், அதற்கு மேல் இணையக் கட்டணம். நடுவில், பார்ப்பவருக்கு 18 வயது ஆகிவிட்டதா என்று திரையில் ஒரு கேள்வி. எனக்கு 18 ஆகி ரொம்ப நாளாயிற்றே என்று ஆமாம் போட்டேன். படத்துக்கு ‘ஏ’ சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள் என்பது என்னைத் தவிர ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

வாசலில் ஒரு இளைஞர் மரியாதையாகத்தான் கேட்டார். “சார், தம்பிக்கு என்ன வயசு?”

பையனுக்கு அப்போதுதான் மீசை இருக்கிறதா, அழுக்கா என்று சொல்ல முடியாதபடி ஒரு கோடு. உயரமும் என்னைத் தாண்டிவிட்டான். நெஞ்சை நிமிர்த்தி, உடைந்த குரலைக் கட்டிப்பிடித்து, “எய்ட்டீன்” என்றான். அசல் நடிப்பு. அந்த இளைஞரே பாதி நம்பிவிட்டார். ஒரு சம்பிரதாயத்துக்கு, “ஆதார் இருக்கா?” என்றார்.

இருபது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவனுக்கு ‘ஆதார்’ என்ற சொல் காதில் விழுந்தால் கை தானாக இயங்கும். பேங்க், பள்ளிக்கூடம், கேஸ், ரேஷன், ரயில் எங்கே கேட்டாலும் தாமதமில்லாமல் நீட்டப் பழகிய கை. ஐந்து பேருடையதும் போனில் தனித்தனியாக வைத்திருக்கிறேன். “இதோ!” என்று பெருமையோடு எடுத்து, பிறந்த தேதி தெரிகிற மாதிரி பெரிதாக்கிக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பையன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. 14 வயசில் என்னையெல்லாம் யாரும் எந்த வாசலிலும் நிறுத்தியதில்லை என்று அந்த இளைஞரிடம் ஏதோ சொல்லிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். பையனோடு வெளியே யார் இருப்பது? “நான் இருக்கேன்டா, நீங்க போங்க” என்றாள் அம்மா. சொல்லும்போதே உள்ளே நடந்துகொண்டிருந்தாள். மிச்சம் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

மூன்று மணி நேரம் நானும் அவனும் சாப்பாட்டுக் கடைகள் இருக்கிற தளத்தில் உட்கார்ந்திருந்தோம். அவன் பேசவில்லை, சாப்பிட்டான். ஒவ்வொன்றும் எனக்குப் பெயர் தெரியாத பண்டம். 1,140 ரூபாய் ஆனது. உள்ளே காலியாக இருந்த இரண்டு சீட்டில் ஒன்றில் அம்மா காலை நீட்டிக்கொண்டாள், இன்னொன்றில் முறுக்கு இருந்ததாம். முடிந்து வெளியே வந்ததும், “எப்படிம்மா?” என்றேன்.

“அவனுக்கென்னடா! ‘அபூர்வ ராகங்கள்’ படத்துல கேட்டைத் தொறந்துக்கிட்டு வந்தான் பாரு, அன்னிக்கே சொன்னேன் இவன் பெரிய ஆளா வருவான்னு. உங்கப்பாதான் உதட்டைப் பிதுக்கிட்டு ‘தேறாது’ன்னார்.”

1975-இல் எனக்கு இரண்டு வயசு. நோய் எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததில் ஒரு ஆறுதல்.

திங்கட்கிழமை ஆபீஸில் எல்லாரும் ‘கூலி’யைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பார்க்கவில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். “ஃபேமிலியோட போனீங்களாமே சார், எப்படி?” என்று கேட்டுவிட்டார் மேனேஜர். போனது உண்மைதானே. “முதல் பாதி ஓகே சார். செகண்ட் ஹாஃப்ல கேரக்டருங்க கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா தலைவர் தலைவர்தான்” என்றேன். போஸ்டரை வைத்துச் சொன்னதுதான். மேனேஜர் மேஜையைத் தட்டினார். “கரெக்ட். ரெண்டு நாளா எல்லாரும் கத்திட்டு இருக்காங்க, நீங்க ஒருத்தர்தான் சார் நடுநிலையா சொல்றீங்க.” முப்பது வருஷத்தில் என் விமர்சனம் ஒன்று ஏகமனதாக ஏற்கப்பட்டது அன்றைக்குத்தான். பார்த்துவிட்டுச் சொன்னதெல்லாம் எடுபடாமல் போனதற்குப் பார்த்ததுதான் காரணம் போலிருக்கிறது.

நாலு வாரத்தில் படம் ஓடிடிக்கு வந்துவிட்டது. “28 நாள் பொறுத்தா வீட்டுக்கே வரும்” என்பது மனைவியின் நெடுநாள் சித்தாந்தம். எல்லாரும் தூங்கிய பிறகு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாகப் பார்த்தேன். எனக்கு இரண்டாம் பாதிதான் பிடித்திருந்தது. வெளியில் சொல்ல முடியவில்லை. ஆபீஸில் என் நடுநிலைமைக்கு ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டதே.

வரப்போகிற படங்களைப் பற்றிப் பேசுவது இன்னும் வசதி. யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். அதில் எனக்கு நெருக்கமானது ‘துருவ நட்சத்திரம்’. கௌதம் மேனனும் விக்ரமும். 2017-இல் டீசர் வந்தபோது என் பையன் ஒன்றாம் வகுப்பு. இப்போது அதே பையன் திரிகோணமிதி போடுகிறான். 2023 நவம்பர் 24 கட்டாயம் வருகிறது என்றார்கள், டிக்கெட் போட்டேன், அன்றைக்கும் தள்ளிப்போனது. எனக்கு அந்தப் படத்தின் மேல் கோபமே வருவதில்லை. பரண் சுத்தம் செய்கிறேன் என்று அதே 2017-இல் அறிவித்தவன் நான். ‘இந்த லீவில் நிச்சயம்’ என்று எத்தனை தேதி கொடுத்திருக்கிறேன்! எங்கள் வீட்டில் இப்போது நான் எதையாவது செய்கிறேன் என்றால் மனைவி, “துருவ நட்சத்திரமா?” என்று மட்டும் கேட்பாள்.

‘கைதி 2’ வந்தால் பையனுக்கு வாளி பிரியாணி வாங்கித் தருவதாக 2019-இலிருந்து ஒரு கடன் இருக்கிறது. லோகேஷ் எவ்வளவு தாமதம் செய்கிறாரோ அவ்வளவுக்கு எனக்கு லாபம். ‘ஜெயிலர் 2’ விஷயத்தில்தான் வீட்டில் கருத்து வேற்றுமை. முதல் ‘ஜெயிலர்’ படத்தில் பேரனுக்கு யூடியூப் வீடியோ எடுத்துக்கொண்டு, வீட்டில் சொன்ன வேலையைச் செய்துகொண்டு ஒரு ரிட்டயர்ட் மனுஷர் பவ்யமாக வளைய வருவார் இல்லையா, அந்த முதல் பகுதி அப்படியே என் வாழ்க்கை வரலாறு. அதற்குப் பின்னால் அவர் எழுந்து நிற்கிற பகுதிக்காக ஊர் கைதட்டியது. இரண்டாம் பாகத்தில் நெல்சன் அவரை எப்படிக் காட்டுவார் என்று பேச்சு வந்தபோது, “அந்த முதல் அரைமணி நேரத்தையே முழுப் படமா எடுத்தா எவ்வளவு நல்லா இருக்கும்!” என்று ஏக்கமாகச் சொன்னாள் மனைவி.

2026 பொங்கலுக்கு மகள் ஜனவரி 9-ஆம் தேதிக்கு ‘ஜன நாயகன்’ டிக்கெட் போட்டு வைத்திருந்தாள். விஜய்யின் கடைசிப் படம். சான்றிதழ் விவகாரம், கோர்ட் என்று ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி. “அப்பா, வந்துடும்ல?” என்று கேட்டாள். “சொன்ன தேதிக்கு வந்தே தீரும்” என்றேன். சட்டென்று அவள் முகம் விழுந்துவிட்டது. என் வாயால் வரும் என்று கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. படம் தள்ளிப்போனது. டிக்கெட் பணம் திரும்பி வந்தது. தப்பு அவளுடையது, என்னைக் கேட்டிருக்கவே கூடாது என்று அம்மாவும் மனைவியும் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

திரும்பி வந்த பணத்தில் மறுநாள், சனிக்கிழமை, ‘பராசக்தி’ போகலாமா என்று பேச்சு எழுந்தது. “சிவாஜி நடிச்சதா?” என்றாள் அம்மா. இல்லை, அது 1952, இது சுதா கொங்கரா எடுத்தது, சிவகார்த்திகேயன் என்று பையன் விளக்கினான். அறுபதுகளின் இந்தி எதிர்ப்புப் போராட்டம், மாணவர்கள், பழைய காலத்து ரயில் என்று நான் ஏற்கெனவே எல்லாம் படித்துவைத்திருந்தேன். பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரு மாதமாக ஆசை. மகள் டைரியை எடுத்து வைத்துக்கொண்டு, “அப்பா, இது எப்படி இருக்கும்?” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளாக அவள் என்னைக் கேட்டுத்தான் டிக்கெட் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் நல்லா இருக்கும் என்றால் 28 நாள் பொறுப்பார்கள். தேறாது என்றால் அன்றைக்கே புக்கிங். வீட்டில் என் அபிப்பிராயத்துக்கு இவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது!

நானும் இன்சூரன்ஸ்காரன்தானே. அப்பாவை மனசில் நினைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினேன். “ம்ஹூம். தேறாதும்மா.”

மகள் முகம் மலர்ந்தது. போனை எடுத்தாள். “பாட்டி, அம்மா, தம்பி, நான். நாலு. எஃப் வரிசை ஓகேவா?”

“அஞ்சு இல்லையா?”

“நீங்கதான் தேறாதுன்னுட்டீங்களேப்பா. பிடிக்காத படத்துக்கு உங்களுக்கு எதுக்கு வீணா 190 ரூபாய்?”

அம்மா சுருக்குப்பையில் முறுக்கை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே மனைவி திரும்பினாள். “வீட்டுல சும்மாதானே இருப்பீங்க. அந்த மிக்ஸி என்ன ஆச்சுன்னு ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடுங்க.”

போனேன். கடை பூட்டியிருந்தது. ‘பராசக்தி’க்குப் போயிருக்கிறார் என்றார் பக்கத்துக் கடைக்காரர்.